கண்ணாடிக்கு அடியில் தென்துருவம்

அத்தியாயம் 4

முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிப் போன கோபிஸ் லோரி நின்றது. அதற்கும் முன்னால் ஒரு பூ லோரி ஏற்கெனவே நின்றிருந்தது. திரிங்காப் சாலையில் லோரி நின்றுவிட்டால் மனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, கடவுளைத் திட்டலாம். ஞானசுந்தரம் காலையும் மாலையும் ஜெபம் சொல்கிறவர் என்பதால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

“ஹார்ன் அடி,” என்றார்.

“அடிச்சா என்னா ஆகும் பாஸ்? கோபிஸ் எறங்கி வழி விடுமா?” ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கச்சாங் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள் யுவனேஸ்வரி.

“நீ ஓட்டுறதுக்கு நடந்தே போயிருக்கலாம்.”

“நடங்க. மேல போய் ஜேம் விட்டிருக்கா இல்லையான்னு போன் பண்ணுங்க.”

ஞானசுந்தரம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் தானா ராத்தாவில் தன் வீட்டு முன்னறையையே துப்பறியும் ஆபீஸாக்கிக்கொண்டார். யுவனேஸ்வரி அங்கே டைப் அடிப்பாள், கெரேத்தா ஓட்டுவாள், எதிர்த்துப் பேசுவாள். முதல் இரண்டுக்கும்தான் அவளை வேலைக்கு வைத்தது.

இன்றைக்குக் காலையிலிருந்து அலைச்சல். ஹரிதாஸ் என்பவனைப் பிடிக்க வேண்டும். கம்போங் ராஜாவில் கேட்டால் திரிங்காப் தோட்டத்தில் இருக்கிறான் என்றார்கள். திரிங்காப்பில் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே சேற்றில் இறங்கி விசாரித்தால், அவன் இப்போதுதான் கோலா தெர்லாவுக்கு லோரி எடுத்துப் போனான் என்றார்கள். வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். ஞானசுந்தரத்தின் ஒரு ஷூவில் சேறு, இன்னொரு ஷூவில் அதைவிட அதிகச் சேறு.

“பாஸ், எனக்கு இன்னும் ஒண்ணு வெளங்கல. நெலாவுல இருக்கிற குழி காணாமப் போனதுக்கு கேமரன் மலைல நாம ஏன் சுத்துறோம்?”

“காணாமப் போகல. மேடா மாறிடுச்சு.”

“அது இன்னும் மோசம் லா.”

வழக்கு இதுதான். கேத்லீன் என்ற பெண் கம்போங் ராஜாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தோட்டக் கணக்கர் இருந்த பழைய கிராணி வீட்டை எடுத்து, அதில் நிலாவுக்கு வரைபடம் தயாரிக்கிறாள். விண்கலம் நிலாவைச் சுற்றி எடுத்தனுப்பும் படங்களைப் பார்த்துத் தென்துருவத்தில் எங்கே குழி, எங்கே மேடு என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. வெளிநாட்டில் இருக்கும் தலைமைக் குழு அந்த வரைபடத்தை நம்பித்தான் ஒரு வண்டியை அங்கே இறக்கப் போகிறது. முதலில் கணினி குறித்துவிடும். ஆனால் துருவத்தில் சூரியன் உச்சிக்கே வருவதில்லை, அடிவானத்தை ஒட்டியே சுற்றுகிறது. நிழல்கள் நீளமாக விழுந்து கணினியைக் குழப்பும். அதனால் மனிதக் கண் ஒரு தடவை பார்த்துத் திருத்த வேண்டும். படத்தைப் பெரிய வட்டத் தாளாக அச்சடித்து, மேசையில் கனத்த கண்ணாடிக்கு அடியில் வைப்பார்கள். கண்ணாடி மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரித்து மார்க்கரால் குறிப்பார்கள்.

கடைசியாக அனுப்பிய வேலை முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வந்தது. கணினி சரியாகக் குழி என்று குறித்த இடங்களையெல்லாம் கேத்லீன் மேடு என்று திருத்தியிருந்தாள். மேடுகளைக் குழி என்றிருந்தாள். குழு பதறிப்போய்க் காரணம் கேட்டது. “நான் பார்த்ததைத்தான் குறிச்சேன். கண்ணாடிக்கு அடியில இருக்கிற படமே பொய்ப்படம்,” என்றாள் அவள். அச்சடித்து வைத்தவன் அவளுடைய உதவியாளன் ஹரிதாஸ். வைத்த கையோடு அவளிடம் சண்டை போட்டு வேலையை விட்டவனும் அவனே.

ஞானசுந்தரம் காலையில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். திரையில் குழியாக இருந்த இடம் தாளில் அழகாக உப்பிக்கொண்டு மேடாக இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிக்கல் என்னவென்றால் ஹரிதாஸுக்கு அந்தத் தலைமைக் குழுவிலேயே வேலை கிடைத்திருந்தது. தேயிலை பறிக்கும் அம்மாவின் பிள்ளை, அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டியவன். மாலை ஐந்து மணிக்குள் ஆதாரத்தோடு புகார் போய்விட்டால் அந்த இடம் போய்விடும். படத்தைத் திருத்தி ஏமாற்றியவன் என்று பெயர் வாங்கினவனை இந்தத் தொழிலில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

லோரி நகர்ந்தது. பத்து அடி போய் மறுபடி நின்றது.

“ஆண்டவரே!” என்றார் ஞானசுந்தரம். அது ஜெபம் இல்லை.

*

கோலா தெர்லாவில் ஹரிதாஸ் லோரியில் கோபிஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒல்லியான உடம்பு, ரப்பர் பூட்ஸ். கூடைகளைத் தூக்கி வைக்கவில்லை, எறிந்தான். ஞானசுந்தரத்துக்கு அது பிடித்திருந்தது. கோபக்காரன் சீக்கிரம் உளறுவான்.

“தம்பி, கேத்லீன் அனுப்பிச்சாங்க. நிலா படத்தை மாத்தி வெச்சது நீதான்னு சொல்றாங்க.” என்ன மாறியது, எப்படி மாறியது என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. அது குற்றவாளிக்குத்தான் தெரிந்திருக்கும் என்பது அவருடைய பழைய தந்திரம்.

“சொல்லட்டும் சார்.”

“மறுக்கலையா?”

“மறுத்து என்னா ஆவப் போவுது இனிமே?”

ஞானசுந்தரம் யுவனேஸ்வரியைப் பார்த்தார். கேட்டாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

“ஏன் சண்டை போட்ட?” என்றாள் அவள்.

“அப்பா திதிக்கு கேத்லீன் அக்காகிட்ட ஒருநாள் லீவு கேட்டேன். டெட்லைன் நேரத்துல திதியாவது ஒண்ணாவதுன்னுட்டாங்க. நாளு பாக்குறவன், தெசை பாக்குறவனெல்லாம் சயின்ஸ் பண்ண முடியாதுன்னாங்க. சரின்னு வந்துட்டேன்.”

“தெசையா?”

“எங்கம்மா தெக்கு பாத்து ஒக்காந்து வேலை செய்ய வுடமாட்டாங்க. எமன் தெசைன்னு. அதுனால அந்த ரூம்ல நான் வடக்கு பாத்துதான் ஒக்காருவேன். அக்காவும் மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் என் பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டாங்க.”

“தென்துருவத்தை வரையிறவன் தெக்கு பாக்க மாட்டான்,” என்றாள் யுவனேஸ்வரி. “நல்லா இருக்கு லா ஒங்க சயின்ஸ்!”

ஹரிதாஸ் முகத்தில் சிரிப்பு வருவது போல வந்து போய்விட்டது. இன்னொரு கூடையை எறிந்தான்.

“சார், ஒண்ணே ஒண்ணு யோசிங்க. அந்தக் கண்ணாடியத் தனி ஆளா தூக்க முடியாது. கடைசித் தாள வெச்சப்போ ஒரு முனைய நான் புடிச்சேன், இன்னொரு முனைய அக்கா புடிச்சாங்க. வெச்ச ஒடனே குனிஞ்சு பாத்தாங்க. ‘நல்லா விழுந்திருக்குடா’ன்னாங்க. அப்பறம் நான் நாலு பக்கமும் டேப் ஒட்டுனேன், தூசி போகக்கூடாதுன்னு. நான் மாத்தணும்னா டேப்ப கிழிச்சிருக்கணும். போய்ப் பாருங்க.”

“வேற டேப் ஒட்டியிருக்கலாமே?”

“அந்தக் கண்ணாடிய தூக்க எனக்கு இன்னொரு ஆளு வேணுமே சார். யாரு வந்தா? எமனா?”

முதலாளித் தவுக்கே உள்ளேயிருந்து கத்தினார். ஹரிதாஸ் லோரியில் ஏறிக்கொண்டான். ஞானசுந்தரம் தன் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறார். இது அவற்றில் ஒன்றாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எரிச்சலாக நினைத்தார்.

*

கிராணி வீட்டுக்கு ஏறும் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. கேத்லீன் கதவைத் திறந்த வேகத்திலேயே, “கிடைச்சானா அங்கிள்? ஒத்துக்கிட்டானா?” என்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. சில நாட்களாகத் தூங்காத முகம்.

ஞானசுந்தரம் நேராக மேசைக்குப் போனார். மண்டியிட்டார். முழங்கால் முனகியது. கண்ணாடியின் நாலு ஓரமும் டேப். அதன் மேல் மெல்லிய தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. எங்கும் பிரித்த தடம் இல்லை, மறுபடி ஒட்டிய சுருக்கம் இல்லை.

“பாஸ் கும்புடுறாரு,” என்றாள் யுவனேஸ்வரி கேத்லீனிடம் மெதுவாக. “ஆதாரம் கெடைக்கலன்னா இப்படித்தான்.”

“இந்தக் கண்ணாடியை வெச்சப்போ நீயும் ஒரு முனையைப் பிடிச்சியாம்மா?” என்றார் ஞானசுந்தரம்.

“ஆமா.”

“அன்னைக்குப் படம் எப்படி இருந்துச்சு?”

கேத்லீன் யோசித்தாள். “சரியாத்தான் இருந்துச்சு. அதான் சொல்றேன், அப்பறம் மாத்திட்டான்.”

“அப்பறம் இந்தக் கண்ணாடியை யாரும் தூக்கவே இல்ல. டேப் சொல்லுது.” ஞானசுந்தரம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “தாள் அன்னைக்குச் சரி, இன்னைக்குத் தப்பு. ஆனா தாள் மாறல. பைத்தியம் பிடிக்குது எனக்கு!”

கையால் மேசையை ஓங்கி அடித்தார். வலித்ததும் அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார். அறையைச் சுற்றி நடந்தார். சேற்று ஷூ சிமெண்டுத் தரையில் தடம் போட்டது. அந்தத் தடத்தை வெறுப்போடு பார்த்தவர் சட்டென்று நின்றார்.

மேசையின் அந்தப் பக்கத்தில், சுவரோரமாக, சிவப்புச் சிமெண்டுத் தரை நாற்காலிக் கால்கள் உரசி உரசி வெளுத்துக் கிடந்தது. இரண்டு நாற்காலி அளவுக்கு, பக்கத்தில் பக்கத்தில். கேத்லீனின் நாற்காலி இருந்த இந்தப் பக்கத்தில் தரை புதுசு மாதிரி பளபளத்தது.

“கேத்லீன், நீ எப்பவும் இந்தப் பக்கம்தான் உட்காருவியா?”

“இப்போ இந்தப் பக்கம்தான்.”

“இப்போன்னா?”

அவள் முகம் சிவந்தது. “அவன் போன மறுநாள் காலையில வந்த ஒடனே நாற்காலியை எடுத்து இங்க போட்டேன். அந்தப் பக்கம் அவன் சொன்ன பக்கம். ரெண்டு வருஷமா அவன் மூடநம்பிக்கைக்கு நானும் தாளம் போட்டேன். அதான்.”

“ஆத்திரத்துல.”

“ஆமா அங்கிள், ஆத்திரத்துலதான். அது குத்தமா?”

“யுவனேஸ்வரி, அந்தப் பக்கம் போ. தடம் இருக்கிற எடத்துல நாற்காலியைப் போட்டு ஒக்காரு. படத்தைப் பாத்துச் சொல்லு.”

அவள் போனாள். உட்கார்ந்தாள். குனிந்தாள். இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. யுவனேஸ்வரி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்ததை ஞானசுந்தரம் இதற்கு முன் பார்த்ததில்லை.

“பாஸ், இங்க எல்லாம் குழி.”

“என்ன?”

“குழி லா! பெருசு, சின்னது, எல்லாம் ஓட்டைதான். கொஞ்சம் இருங்க.” எழுந்து மேசையைச் சுற்றிக் கேத்லீனின் பக்கம் வந்தாள். “இங்க எல்லாம் மேடு.” மறுபடி ஓடினாள். “அங்க குழி. ஐயோ, எனக்குத் தலை சுத்துது. அதே தாளுதான்!”

கேத்லீன் தாளின் மேல் குனிந்தாள்.

“சொல்லும்மா,” என்றார் ஞானசுந்தரம். “எனக்கு நிலா தெரியாது. உனக்குத் தெரியும்.”

“வெளிச்சம்,” என்றாள் அவள் மிக மெல்லிய குரலில். “வெளிச்சம் மேலேருந்துதான் வரும்னு நம்ம கண்ணு நம்பும். சூரியன் மேல, லைட்டு மேல. அதனால தாளை வைக்கும்போது வெளிச்சம் மேல்பக்கத்துலேருந்து வர்ற மாதிரி வைப்போம். அப்பதான் குழி குழியா தெரியும். தலைகீழா பாத்தா வெளிச்சம் கீழேருந்து வரும். கண்ணு அதை ஒத்துக்காது. குழியை மேடாக்கிரும்.” நாற்காலியில் விழுந்தாள். “முதல் நாள் பாடம் அங்கிள். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறது.”

“படத்துல மேல் எது, கீழ் எதுன்னு எழுதியிருக்காதா?” என்றாள் யுவனேஸ்வரி.

“தென்துருவத்துக்கு ஏது மேலும் கீழும்? நடுப்புள்ளியில நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். தாளே வட்டம். வெளிச்சம் வர்ற பக்கத்துக்கு ஓரத்துல ஒரு அம்பு போட்டிருக்கும். அது மேசைச் சட்டத்துக்கு அடியில போயிடுச்சு. இந்த ரூம்ல வெளிச்சம் எப்பவும் மேலேருந்துதான்னு எனக்குப் பழகிப்போச்சு. நான் தேடவே இல்ல.”

ஹரிதாஸ் எமனுக்குப் பயந்து வடக்கு பார்த்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த பக்கத்துக்குத் தோதாகத் தாளை வைத்தான். இவள் அவன் மேல் இருந்த கோபத்தில் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, நிலாவின் தென்துருவத்தையே கவிழ்த்துவிட்டாள். குற்றவாளியைத் தேடி மலை முழுக்கச் சேற்றில் உழன்றது இதற்குத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் குரங்கே நம்மைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறதே என்று ஞானசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது.

“சரி, போகட்டும்,” என்றார். “இன்னும் அஞ்சு ஆகல. புகாரை அனுப்பாதே. ஒருத்தனும் கெட்டுப்போகல.”

கேத்லீன் டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

“கேத்லீன்?”

“புகாரை நேத்தே அனுப்பிட்டேன் அங்கிள்.”

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“அப்போ எங்கள எதுக்குக் கூப்புட்டீங்க?” என்றாள் யுவனேஸ்வரி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

“ஆதாரம் கேட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. நீங்க கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஞானசுந்தரத்துக்கு ஹரிதாஸ் எறிந்த கோபிஸ் கூடைகள் ஞாபகம் வந்தன. மறுத்து என்ன ஆகப் போகிறது என்றானே! அதைக் குற்றவாளியின் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு புருவத்தை உயர்த்திய முட்டாள் யார்? அவர்தான். முப்பது வருஷ அனுபவம் வேறு.

“போன் போடு,” என்றார்.

“என்ன சொல்றது அங்கிள்?”

“போடு!”

அவள் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் லோரி இரைச்சல் கேட்டது.

“சொல்லுங்க அக்கா.”

“ஹரி,” என்றாள். “படம் மாறலடா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். எல்லாக் குழியும் எனக்கு மேடா தெரிஞ்சுச்சு.”

அந்தப் பக்கம் லோரி ஓரங்கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. இஞ்சின் அணைந்தது.

“அக்கா, எந்தப் பக்கம் ஒக்காந்தீங்க?”

கேட்டானே ஒரு கேள்வி! ஒரு பகல் முழுக்க இரண்டு பேர் ஓடி, சேற்றில் விழுந்து, மண்டியிட்டுக் கண்டுபிடித்ததை அவன் ஒரு மூச்சில் கேட்டுவிட்டான். பார்த்தவுடனே என்ன நடந்தது என்று அவனிடம் முழுசாகச் சொல்லியிருந்தால் கோலா தெர்லாவிலேயே வழக்கு முடிந்திருக்கும். பழைய தந்திரமாம், பழைய தந்திரம்!

“எதிர்ப்பக்கம்,” என்றாள் கேத்லீன். அழுகை வெடித்தது.

லோரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஒரு வார்த்தை விசாரிக்காமலே என்னை வேணாம்னு காலையிலயே சொல்லிட்டாங்கக்கா. இனிமே நீங்க எழுதுனா திரும்பக் கூப்புடுவாங்களா, தெரியல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்க எழுதுங்க. அந்தத் தாள்ல இருக்கிற எடத்துலதான் வண்டி எறங்கப் போவுது. அதுக்காகவாவது இன்னைக்கே எழுதுங்க.”

போன் அணைந்தது.

கேத்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். ஞானசுந்தரம் பின்னால் நின்றார். அவள் எழுதியது பணிவாக, அழகாக இருந்தது. வரைபட அறையில் நாற்காலி இடம் மாறியதில் எதிர்பாராத பிழை ஒன்று நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம் என்றிருந்தது.

“நாற்காலி தானா நடந்து போச்சா?” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இதுல என் பேரை எழுதினா இந்த ரூமை மூடிருவாங்க அங்கிள். எனக்கும் வேற எடம் கிடைக்காது.”

“தெரியும்.”

“வேற வழியே இல்லையா?”

“அவன் பேரை எழுதும்போது இப்படி யார்கிட்டயாவது கேட்டியாம்மா?”

அவள் எழுதியதை முழுக்க அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் மழை ஓய்ந்துகொண்டிருந்தது. வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முழுப் பெயரையும் அடித்து, ஹரிதாஸ் மேல் நான் சொன்னது பொய் என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதி, ஐந்து அடிப்பதற்குள் அனுப்பினாள்.